பாக்கார் ஆராங்கில் ஒரு சீனக் கல்யாணம்



கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணிப் பட்டணத்திற்கு நீங்கள் எத்தனையோ முறை வந்திருப்பீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். சாமான் வாங்க வந்திருப்பீர்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்திருப்பீர்கள். ஜெராய் மலையைத் தூரத்தில் பார்த்தபடியே பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். அந்தப் பட்டணத்தின் ஒரு பகுதிதான் பாக்கார் ஆராங்.

‘பாக்கார்’ என்றால் மலாயில் எரிப்பது. ‘ஆராங்’ என்றால் கரி. பெயரில் கரி இருந்தாலும் இன்று அங்கே நாம் பார்ப்பது தொழிற்பேட்டையும், வரிசை வீடுகளும், கடைகளும்தான். கெடா சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கும் இதே பெயர்தான். சுற்றுவட்டாரத்தில் ரப்பர்க் காடுகள் குறையக் குறைய, லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இப்படிப்பட்ட வரிசை வீடுகளுக்குக் குடிவந்துவிட்டன. அடுத்த வீட்டில் மலாய்க்காரர், எதிர்வீட்டில் சீனர் என்று வாழ்க்கை அமைந்துவிட்டது.

தோட்டத்தில் இருந்த காலத்தில் சீனர் என்றால் நமக்குக் கடைக்காரர்தான். சம்பள நாள் வரைக்கும் அரிசியும் மீனும் கடனுக்குக் கொடுத்து, ‘555’ என்று அட்டை போட்ட சின்னப் புத்தகத்தில் கணக்கு எழுதி வைத்தவர். இன்று அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு நாள் சிவப்பு நிற அட்டையை நீட்டி, “மகனுக்குக் கல்யாணம், குடும்பத்தோடு வாங்க” என்கிறார்.

போகத்தான் வேண்டும். என்ன கொடுப்பது? என்ன உடுத்துவது? அங்கே நடப்பதற்கெல்லாம் என்ன பொருள்? வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பழைய அறிமுகம்

முதலில் ஒரு செய்தி. இந்த மண்ணில் தமிழரும் சீனரும் சந்தித்துக்கொண்டது ரப்பர் வந்த பிறகு என்று எண்ணிவிடாதீர்கள். கி.பி. 671-இல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், வழியில் கெடாவில் தங்கித்தான் வங்கக் கரைக்குக் கப்பலேறினார். கி.பி. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரமும் இதுவேதான். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் சுங்கைப்பட்டாணியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

பட்டணத்தின் நடுவே நிற்கும் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக, 1936-இல் லிம் லீன் தெங் என்ற சீனச் செல்வந்தர் ஊருக்கு அளித்த கொடை அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீனர் வீட்டு விசேஷத்திற்குக் கடிகாரம் பரிசளிக்கவே கூடாது! ‘கடிகாரம் கொடுத்தல்’ என்று சீன மொழியில் சொன்னால், ‘இறுதிக் காரியம் செய்தல்’ என்பதைப் போலவே காதில் விழும். தனி வீட்டுக்குத்தான் ஆகாது, ஊருக்குக் கொடுத்தால் தோஷமில்லை போலும்!

பொருத்தம் பார்ப்பதில் தொடங்கி

சீனக் கல்யாணத்திற்குப் பழைய நூல்கள் ஆறு படிகளைச் சொல்கின்றன. பெண் கேட்பது, பிறந்த நாளும் நேரமும் வாங்கிப் பொருத்தம் பார்ப்பது, பொருந்தியதை அறிவிப்பது, சீர் அனுப்புவது, நாள் குறிப்பது, கடைசியாகப் பெண்ணை அழைத்து வருவது. படித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது போலவே இல்லையா?

ஒரே குடும்பப் பெயர் உடையவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்பது சீனரின் பழைய கட்டுப்பாடு. லிம் வீட்டுப் பையன் லிம் வீட்டுப் பெண்ணை எடுக்கமாட்டான். நம்மில் பங்காளி வீட்டில் பெண் எடுக்காதது போலத்தான்.

நாள் குறிப்பதிலும் ஒற்றுமை உண்டு. நாம் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. சீனர் தங்கள் ஏழாம் மாதத்தில் வைப்பதில்லை. அந்த மாதம் பசித்த ஆவிகள் உலவும் மாதம் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் அது வரும். நமக்கு ‘பிரபவ’ முதல் ‘அட்சய’ வரை 60 ஆண்டுச் சுற்று இருப்பது போல, அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. ஆகவேதான் நம்மைப் போலவே அவர்களுக்கும் 60 வயது நிறைவு பெரிய விசேஷம். அன்று நீளமான மீ சுவா பரிமாறுவார்கள். நீண்ட ஆயுளின் அடையாளமாதலால் அதை நறுக்காமல் சாப்பிட வேண்டும்.

சீர் வருகிறது

கல்யாணத்திற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்னால் மாப்பிள்ளை வீட்டார் சிவப்புக் கூடைகளிலும் தட்டுகளிலும் சீர் கொண்டு போவார்கள். எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். மெழுகுவர்த்தி ஒரு ஜோடி, மதுப்புட்டி ஒரு ஜோடி, ஆரஞ்சுப் பழம், பலகாரம், பன்றி இறைச்சி, சிவப்பு உறையில் பணம். அந்தப் பணம்தான் மணப்பெண்ணுக்கான பரிசம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டார் அதை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவார்கள். பலகாரத்திலும் பழத்திலும் பாதி திரும்பிப் போகும். “நாங்கள் பெண்ணை விற்கவில்லை; உறவு கொள்கிறோம்” என்பது அதன் பொருள். நம் முன்னோரும் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். இடையில் வந்த வரதட்சணைதான் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. எதிர்வீட்டுச் சீரைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பழைய வழக்கம் நினைவுக்கு வந்தால் நல்லதுதான்.

கெடாவில் தியோச்சு சீனர் கணிசமாக உண்டு. அவர்களிடம் மாமியார் மருமகளுக்கு நான்கு பொன் நகை போடும் வழக்கம் இருக்கிறது. சங்கிலி, பதக்கம், காதணி, கைவளை என்பன அந்த நான்கு. வீட்டுக் கூரையின் நான்கு மூலைகளை அது குறிக்கும் என்பார்கள். ‘உனக்கு எங்கள் வீட்டில் நிழல் உண்டு’ என்று மாமியார் தரும் வாக்கு அது.

தலை வாரும் சடங்கு

கல்யாணத்திற்கு முந்தைய இரவு பெண் அவள் வீட்டிலும், மாப்பிள்ளை அவன் வீட்டிலும் புத்தாடை உடுத்தி உட்காருவார்கள். வாழ்க்கையில் குறைவில்லாத ஒரு பெண்மணி சீப்பால் தலையை வாரிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வாழ்த்துச் சொல்வார். கணவர் உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளைகள் இருக்க வேண்டும். நம் சுமங்கலியேதான்! அன்றோடு பிள்ளைப் பருவம் முடிந்தது என்பது பொருள். பிறகு சர்க்கரைப் பாகில் மிதக்கும் மாவு உருண்டைகளை உண்பார்கள். உருண்டை என்றால் முழுமை, குடும்பம் ஒன்றுகூடுதல்.

மணமக்களின் கட்டிலையும் நல்ல நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். புது மெத்தையில் சின்னப் பிள்ளைகளை ஏறிக் குதிக்கச் சொல்வார்கள். புலி ஆண்டில் பிறந்தவர்கள் மட்டும் அந்த அறைக்குள் போகக் கூடாது. சிரிக்காதீர்கள் நேயர்களே! மூலம், கேட்டை என்று நாம் எத்தனை பெண்களை ஒதுக்கியிருக்கிறோம்?

வாசலை மறிக்கும் தோழிகள்

கல்யாணக் காலையில் மாப்பிள்ளை தோழர்களோடு காரில் வந்து இறங்குவார். கதவு திறக்காது. பெண்ணின் தோழிகள் உள்ளே இருந்துகொண்டு, “அங்பாவ் எங்கே?” என்று பேரம் பேசுவார்கள். பாடச் சொல்வார்கள், தண்டால் எடுக்கச் சொல்வார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் தின்னக் கொடுப்பார்கள். வாழ்க்கையில் நான்கும் வரும், எல்லாவற்றையும் இவளோடு சேர்ந்து விழுங்க வேண்டும் என்பதே அந்த விளையாட்டின் பாடம். நம் பக்கத்தில் நாத்தனார் வாசலை மறித்துக் காசு வாங்குவதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண் வீட்டை விட்டுப் புறப்படும்போது தலைக்கு மேல் சிவப்புக் குடை பிடிப்பார்கள். தீமை அண்டாமல் இருக்கவும், குடும்பம் கிளை விரிக்கவும் அது காவல். காணும் இடமெல்லாம் ஒரு சிவப்பு எழுத்து ஒட்டியிருக்கும். ‘மகிழ்ச்சி’ என்ற சீன எழுத்தை இரண்டு முறை சேர்த்து எழுதிய ‘இரட்டை மகிழ்ச்சி’ அது.

ஒரு கோப்பைத் தேநீரில் உறவு

எல்லாவற்றிலும் உயர்ந்த சடங்கு இதுதான். நம் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் எப்படியோ, அவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் நேரம் அப்படி.

வீட்டுத் தெய்வத்தையும் முன்னோரையும் ஊதுவத்தி ஏற்றி வணங்கியபின் பெரியவர்கள் வரிசையாக உட்காருவார்கள். மணமக்கள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுவார்கள். சிவந்த பேரீச்சை, லொங்கான் பழம், தாமரை விதை போட்டு இனிப்பாக்கிய தேநீர். வாங்கிக் குடித்தவர் அங்பாவோ நகையோ கொடுத்து வாழ்த்துவார்.

ஆனால் உயிர்நாடி தேநீரில் இல்லை, அழைப்பதில் இருக்கிறது. கோப்பையை நீட்டும்போது புது மருமகள் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைக்க வேண்டும். ஹொக்கியன் மொழியில் அப்பாவின் அண்ணன் ‘ஆ பே’, நம் பெரியப்பா. அப்பாவின் தம்பி ‘ஆ செக்’, நம் சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்தவள் ‘ஆ கோ’; நம் அத்தை. அம்மாவின் உடன்பிறந்தவள் ‘ஆ இ’. நம் பெரியம்மா, சின்னம்மா. அம்மாவின் உடன்பிறந்தவர் ‘ஆ கூ’, நம் தாய்மாமன். அவர் மனைவி ‘ஆ கிம்’, நம் மாமி. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் இரண்டே சொல்தான்: அங்கிள், ஆண்டி. முறை சொல்லி அழைத்து, அவர் ‘உம்’ என்று கேட்டுக் கோப்பையை வாங்கிவிட்டால், அந்த நிமிடம் முதல் அவள் அந்த வீட்டுப் பெண்.

தாய்மாமனுக்கு அவர்களிடமும் தனி மரியாதை உண்டு. “வானத்தில் தேவன் பெரியவர், பூமியில் தாய்மாமன் பெரியவர்” என்ற கருத்தில் ஹொக்கியன் பழமொழியே இருக்கிறது. விருந்தில் அவருக்குத்தான் தலைமை இருக்கை. தாய்மாமன் வராமல் காதுகுத்துக்கூட நடத்தாத நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

நம் வீடுகளில் இன்று என்ன நடக்கிறது? பிள்ளைகள் சித்தப்பாவையும் அங்கிள் என்கிறார்கள், கடைக்காரரையும் அங்கிள் என்கிறார்கள். சீனர் வீடுகளிலும் இதே குறைதான். இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு நாளாவது, ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு முறை சொல்லித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தத் தேநீர்க் கோப்பை காப்பாற்றி வைத்திருக்கிறது.

மூன்றாம் நாள் பெண் கணவனோடு தாய்வீடு போவாள். நம் மறுவீடு. வேலைக்கு விடுப்புக் கிடைக்காத காரணத்தால், இப்போது பலர் கல்யாணத்தன்றே போய்வந்துவிடுகிறார்கள்.

விருந்துக்குப் போகும்போது

இனி உங்களுக்கு வேண்டிய விஷயத்திற்கு வருவோம்.

நாம் மொய் எழுதும்போது 51, 101 என்று ஒன்று சேர்த்துக் கொடுப்போம். அந்த ஒன்று மேலும் வளரட்டும் என்பது நம் எண்ணம். சீனர் கல்யாணத்தில் அப்படிச் செய்யாதீர்கள். நல்ல காரியம் ஜோடியாக வரவேண்டும் என்பதால் அவர்களுக்கு இரட்டைப்படைத் தொகைதான் மங்கலம். ஒற்றைப்படை, துக்க வீட்டில் வெள்ளை உறையில் கொடுப்பது. ஆகவே 50, 80, 100 வெள்ளி என்று சிவப்பு உறையில் வைத்துக் கொடுங்கள். 4 என்ற எண்ணைத் தவிருங்கள். அதன் ஒலி ‘சாவு’ என்ற சொல்லை ஒத்தது. 8 விரும்பப்படும் எண். செல்வம் பெருகுவதை நினைவூட்டும்.

கறுப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். பெண்கள் நல்ல பட்டுச் சேலை கட்டிப் போகலாம். மணப்பெண்ணின் நிறம் சிவப்பு என்பதால் முழுச் சிவப்பைத் தவிர்த்தால் அழகு.

அட்டையில் மணி 7 என்று இருக்கும். விருந்து தொடங்க 8-ஐத் தாண்டிவிடும். பசியோடு பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்! ஒரு மேசைக்குப் பத்துப் பேர். உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு, ஒன்பது வரும். சோறோ மீயோ கடைசிக்கு முன்னால்தான் வரும். சைவம் உண்பவர்களும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் அழைப்பு வந்த உடனே சொல்லிவிடுங்கள். தனி மேசை போடச் சொல்வது அவர்களுக்குப் புதிதல்ல. எல்லோரும் எழுந்து கோப்பையை உயர்த்தி “யா...ம் செங்!” என்று மூச்சு முட்டக் கூவும்போது, நீங்களும் ஆரஞ்சுத் தண்ணீரை உயர்த்திக் கூவலாம். மூச்சு நீள நீள மணமக்களின் மகிழ்ச்சியும் நீளுமாம்.

குழந்தைக்கு ஒரு மாதம்

கல்யாணம் முடிந்து ஓராண்டு இரண்டாண்டில் அதே வீட்டிலிருந்து ஒரு பெட்டி வரும். குழந்தைக்கு முழு மாதம் நிறைந்த பலகாரம். சாயமிட்ட சிவப்பு முட்டை, ஆமை வடிவில் ‘அங் கூ’ பலகாரம், இவற்றோடு மஞ்சள் சோறும் கோழிக் கறியும் இருக்கும். மஞ்சள் சோறும் கறியும் சீனாவிலிருந்து வந்தவை அல்ல. பினாங்கிலும் கெடாவிலும் மலாய்க்காரர், தமிழர் அடுப்புகளின் வாசம் சீனர் சமையலறைக்குள் புகுந்ததன் அடையாளம் அவை.

பாத்திரத்தில் வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் அரிசியோ சர்க்கரையோ போட்டுக் கொடுங்கள். இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களும் அப்படித்தானே செய்தார்கள்?

இன்னொரு உறவையும் மறக்க முடியாது. வறுமையாலும், ஜப்பானியர் ஆட்சி நடந்த 1941–45 காலத்து நெருக்கடியாலும், ஜாதகம் பொருந்தவில்லை என்ற அச்சத்தாலும் சில சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர்களுக்குத் தத்துக் கொடுத்தன. அந்தக் குழந்தைகள் தமிழ்ப் பெயரோடு, பொட்டு வைத்து, தமிழ் பேசி, தாலி கட்டி வாழ்ந்து இன்று பாட்டிகளாகவும் ஆகிவிட்டார்கள். பழைய தோட்டத்து மக்களில் அப்படி ஓர் அக்காளையோ அத்தையையோ அறியாதவர் குறைவு.

சடங்கு மட்டும் போதுமா?

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. தேநீர் கொடுத்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, சட்டத்தின் கண்ணில் அது மட்டும் கல்யாணம் ஆகாது.

ஒரு காலத்தில் வழக்கமே போதும் என்றிருந்தது. அதனால் வந்த சிக்கலுக்கு 1908-இல் சிங்கப்பூரில் நடந்த ‘ஆறு விதவைகள் வழக்கு’ புகழ்பெற்ற சான்று. சீனச் செல்வந்தர் ஒருவர் இறந்தபின் ஆறு பெண்கள், “நானே மனைவி” என்று சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். சீன வழக்கப்படி துணை மனைவியருக்கும் உரிமை உண்டு என்று அக்காலத்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின், பொதுவாக முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், பதிவு கட்டாயம் என்பதும் சட்டமாகிவிட்டன. அந்த நாளுக்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பத்திரம் வேண்டும்.

சீனக் குடும்பங்களில் பலர் நல்ல நாள் பார்த்து முதலில் பதிவை முடித்துவிட்டு, மாதங்கள் கழித்துத்தான் விருந்து வைக்கிறார்கள். நம்மவர்களில் சிலர் கோயிலில் தாலி கட்டிவிட்டு, “பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. பெற்றோர் திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தாய்க்கு நீல நிற அடையாள அட்டை இல்லையென்றால், தந்தை இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்கும். பள்ளிக்கூட வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் அந்தப் பிள்ளை படும் பாட்டைத் தோட்டப்புறத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு கையெழுத்தை ஒத்திப்போட்டதற்கு ஒரு பிள்ளை பல ஆண்டுகள் விலை கொடுக்கலாமா?

எதிர்வீட்டுக் கல்யாணத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை பல. முறை சொல்லி அழைக்கும் பழக்கம் ஒன்று. பரிசத்தில் பாதியைத் திருப்பித் தரும் பெருந்தன்மை ஒன்று. விருந்துக்கு முன்னால் பதிவை முடிக்கும் கவனம் மற்றொன்று.

சிவப்பு அட்டை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். இரட்டைப்படையில் அங்பாவ் வைத்து, குடும்பத்தோடு போய்வாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்திற்கும் அவர்களை அழையுங்கள். 101 வெள்ளியில் அந்த ஒரு வெள்ளி எதற்கு என்று அவர்கள் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.